ஃபிஜியில் கடலோர மனை: குத்தகைக் கணக்கும் சுற்றுலாப் பணமும்

நாந்தி நகரை ஒட்டிய கடற்கரையில் இரண்டு வீடுகள் விற்பனைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அளவு, வயது, கடலிலிருந்து தூரம் எல்லாம் ஒன்று. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ உட்கார்ந்து விளம்பரம் பார்ப்பவர் மலிவான வீட்டைக் கண்டு அதிர்ஷ்டம் என்று நினைப்பார். உள்ளூர் வக்கீல் வீட்டைப் பார்க்கவே மாட்டார். நிலம் எந்த வகை, குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்றுதான் முதலில் கேட்பார். ஃபிஜியின் ரியல் எஸ்டேட் சந்தை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

சுற்றுலாதான் அந்த நாட்டின் சோறு. 2017 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 8,84,887. 2019-இல் வந்த பயணிகள் 8,94,389. கோவிட் காலத்தில் 2020 மார்ச் முதல் 2021 டிசம்பர் 1 வரை எல்லை மூடியே கிடந்தது. 2024-இல் எண்ணிக்கை 9,82,938-ஐத் தொட்டது. கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆஸ்திரேலியர்கள், அடுத்த இடம் நியூசிலாந்துக்காரர்களுக்கு. அநேகமாக எல்லோரும் நாந்தி விமான நிலையத்தில்தான் இறங்குகிறார்கள். அங்கிருந்து ஒரு பகுதியினர் டெனராவுக்கும், ஒரு பகுதியினர் சிங்கதோகா பக்கம் கோரல் கோஸ்ட்டுக்கும், மற்றவர்கள் படகேறி மமனுதா, யசாவா தீவுகளுக்கும் போகிறார்கள். இவர்கள் படுக்கும் கட்டில்களில் பெரும்பகுதி வாடகை மண்ணின் மேல் நிற்கிறது.

மூன்று வகை நிலம்

ஃபிஜியில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமான நிலம் பூர்வகுடிகளான இதௌகெய் மக்களின் கூட்டுச் சொத்து. தனி ஆள் பெயரில் பத்திரம் கிடையாது. மதங்காலி எனப்படும் குலக்குழுவின் பெயரில் பதிவு இருக்கும். அதை விற்க முடியாது. எந்த விலைக்கும், எந்த அமைச்சர் கையெழுத்து போட்டாலும் முடியாது. குத்தகைக்கு மட்டும் விடலாம். இரண்டாவது வகை அரசு நிலம், அதுவும் குத்தகைதான். மூன்றாவது, ஏறத்தாழ 8 சதவீதம், முழு உரிமையோடு வாங்கி விற்கக்கூடிய ஃப்ரீஹோல்டு.

இந்தப் பங்கீட்டின் வேர் 1874-இல் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று தீவுகள் பிரிட்டனிடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கு முன்பே வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களும் வணிகர்களும் தலைவர்களிடம் வாங்கியிருந்த நிலங்களை ஒரு விசாரணைக் குழு ஆராய்ந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டவை ஃப்ரீஹோல்டு ஆயின. ஆளுநர் ஆர்தர் கார்டன் மேற்கொண்டு விற்பனையைத் தடுத்தார். 1905 முதல் சில ஆண்டுகள் கதவு லேசாகத் திறந்து மறுபடி மூடிக்கொண்டது. அதனால் இன்றைக்குச் சந்தையில் உள்ள ஃப்ரீஹோல்டு புதிதாக விளையாத சரக்கு. இருப்பதையே துண்டு போட்டு விற்க வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

1940-இல், பூர்வகுடித் தலைவர் ரது சுகுனாவின் முயற்சியில், பூர்வகுடி நிலம் முழுவதையும் நிர்வகிக்க ஒரு நில அறக்கட்டளை வாரியம் சட்டமாக வந்தது. கிராமத்தார் தாமே குத்தகை எழுதிக் கொடுக்க முடியாது. வாரியம்தான் எழுதும், வாரியம்தான் வாடகை வாங்கும். அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவை ஃபிஜியில் வீடு தேடும் எவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். குத்தகை நிலத்தை விற்பதோ, உள்குத்தகைக்கு விடுவதோ, வேறு எந்த விதத்தில் கைமாற்றுவதோ வாரியத்தின் முன்சம்மதம் இல்லாமல் நடந்தால் செல்லாது. பின்னால் போய் சம்மதம் வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சு எடுபடாது.

இதன் கடுமையைக் காட்டும் வழக்கு சால்மர்ஸ் எதிர் பார்டோ. சால்மர்ஸ் வாரியக் குத்தகைக்காரர். நண்பர் பார்டோவுக்கு அந்த நிலத்தில் வீடு கட்டிக்கொள்ள வாய்மொழியாக இடம் கொடுத்தார். பார்டோ வீடும் வேறு சில கட்டடங்களும் கட்டினார். பிறகு நட்பு முறிந்தது. கட்டிய செலவுக்கு நிலத்தின் மேல் உரிமை கேட்டு வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1963-இல் வந்த தீர்ப்பு: வாரியச் சம்மதம் இல்லாமல் கட்டத் தொடங்கியதே சட்டவிரோதக் கைமாற்றம், ஆகவே நியாயத்தின் பேரிலும் உதவி கிடையாது. செலவழித்தவருக்கு அந்த நிலத்தில் பிடிமானமே இல்லாமல் போனது.

இன்றும் இதே குழியில் விழுகிறவர்கள் உண்டு. ஊர்த்தலைவருக்கு யங்கோனா வேரும் (கவா பானம் செய்யும் வேர்) திமிங்கிலப் பல்லும் வைத்து, கையில் ரொக்கமும் கொடுத்து, 'வாக்காவனுவா' என்ற ஊர்வழக்கப்படி இடம் வாங்கிக் குடிசையோ பங்களாவோ போடுவார்கள். அந்தத் தலைவர் இருக்கும்வரை சிக்கல் இராது. அடுத்தவர் வந்து 'எனக்குத் தெரியாது' என்றால் கையில் காட்ட ஒரு தாளும் இருக்காது. கொடுத்த மரியாதை உண்மையானதுதான், ஆனால் அது பதிவேட்டில் ஏறாது.

ஹோட்டல் குத்தகை உருவாகும் விதம்

முதலில் அந்த நிலம் ஒதுக்கீட்டு நிலமா, அதாவது பூர்வகுடிகளின் சொந்தப் பயனுக்கென்று ஒதுக்கியதா என்று பார்க்க வேண்டும். ஒதுக்கீட்டில் இருந்தால் இதௌகெய் அல்லாதவருக்குக் குத்தகை விட முடியாது. மதங்காலி சம்மதித்து ஒதுக்கீட்டை நீக்கிய பிறகே பேச்சு. அடுத்து, குலப்பதிவேட்டில் உள்ள வயதுவந்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினரின் கையெழுத்து. நடைமுறையில் 60 சதவீதம் கேட்கிறார்கள். உறுப்பினர்களில் பலர் தலைநகர் சுவாவிலும் சிட்னியிலும் ஆக்லாந்திலும் இருப்பார்கள். கையெழுத்து வேட்டையே மாதக்கணக்கில் இழுக்கும்.

பிறகு வாரியம் தொடக்கத்தில் ஒரு வளர்ச்சிக் குத்தகை கொடுக்கும். அதில் கெடு இருக்கும்: இத்தனை ஆண்டுக்குள் சர்வே, சுற்றுச்சூழல் ஆய்வு, நகரமைப்புத் துறை அனுமதி, கட்டுமானத் தொடக்கம். கெடு தவறினால் ரத்து. முடித்துக் காட்டினால் நீண்டகாலக் குத்தகை, சுற்றுலாவுக்கு 99 ஆண்டு வரை. பணம் பல வடிவில் போகும்: தொடக்கத்தில் ஒரு மொத்தத் தொகை, ஆண்டு வாடகை, சில ஆண்டுக்கு ஒருமுறை வாடகை மறுமதிப்பீடு, பெரிய ஹோட்டல் என்றால் மொத்த வரவில் ஒரு சதவீதமும் சேரும். கவனிக்க வேண்டியது, சதவீதம் லாபத்தில் கணக்கிடப்படுவதில்லை, வரவில். நஷ்டத்தில் ஓடும் ஹோட்டலும் நிலக்காரருக்குக் கொடுத்தாக வேண்டும். நிலக்காரர் பக்கம் நின்று பார்த்தால் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஹோட்டல் கம்பெனிகளின் லாபக் கணக்கு எந்த நாட்டில் எப்படிக் கரையும் என்று யாருக்குத் தெரியும்?

வாடகை கிராமத்துக்கு வந்து சேரும் விதம் 2011-இல் மாறியது. அதற்கு முன் வாரியக் கழிவு போக மிச்சத்தில் 30 சதவீதம் மூன்று படிநிலைத் தலைவர்களுக்குப் போனது. 70 சதவீதம் மற்ற உறுப்பினர்களுக்கு. 2011 முதல் பதிவேட்டில் பெயர் உள்ள எல்லோருக்கும் சமபங்கு. கேட்க நியாயமாக இருக்கிறது, நியாயமும்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டு வாடகை 60,000 ஃபிஜி டாலர், கழிவு 10 சதவீதம், பதிவேட்டில் 300 பெயர் என்றால் தலைக்கு ஆண்டுக்கு 180 டாலர். பெயர்கள் கூடக் கூட இது சுருங்கும். பள்ளிக்கூடமோ படகுத்துறையோ கட்டும் அளவுக்குப் பணம் ஓரிடத்தில் சேர்வதில்லை. ஹோட்டல் வாசலில் நிற்கும் இளைஞருக்கு 'எங்கள் மண்ணில் இவர்கள் கொழிக்கிறார்கள்' என்ற எண்ணம் வருவதற்கு இந்த 180 டாலரும் ஒரு காரணம்.

இதே மண்ணில் இன்னொரு வகைக் குத்தகைக்காரர்களும் இருந்தார்கள். 1879-இல் லியோனிதாஸ் கப்பலில் தொடங்கிய ஒப்பந்தக் கூலிமுறையில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் ஃபிஜிக்குக் கொண்டுவரப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகவும் கப்பல்கள் போயின. மொத்தத்தில் கால்பங்கு அளவு தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும். ஒப்பந்தம் முடிந்தவர்கள் நாந்தி, லவ்தோகா, பா பகுதிகளில் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டார்கள். நாந்திப் பிரதான சாலையின் கோடியில் இருக்கும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும், 1926-இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கமும் அந்த வாழ்வின் சாட்சிகள். 1976-இன் விவசாயக் குத்தகைச் சட்டம் இவர்களுக்குக் கொடுத்தது 30 ஆண்டுக் காலம். பழைய குத்தகைகள் 1997 முதல் ஒவ்வொன்றாக முடிந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. பலர் சுவா, நாந்தி ஓரங்களில் பத்திரமற்ற குடியிருப்புகளில் ஒதுங்கினர். ஹோட்டலுக்கு 99, கரும்புக்காரருக்கு 30. நிலக்காரரின் கண்ணில் இரண்டும் ஒரே மண்தான். எது கூடுதல் வாடகை தருகிறது என்பதுதான் வித்தியாசம்.

டெனராவ், அதன் அடியில் இருக்கும் சேறு

வெளிநாட்டார் வாங்கும் வில்லாக்களில் பேர்போனது டெனராவ். நாந்தி ஆற்றின் கழிமுகத்தில் அலையாத்திக் காடாகவும் சதுப்பாகவும் கிடந்த இடத்தை மண் கொட்டி மேடாக்கினார்கள். முதல் பெரிய ஹோட்டலான ரீஜன்ட் 1975-இல் திறந்தது. பிறகு கோல்ஃப் மைதானம், படகுத்துறை, வாய்க்கால் ஓரமாக வரிசை வீடுகள். இங்கே மனைகள் ஃப்ரீஹோல்டு என்பதே விலையைத் தூக்கி நிறுத்துகிறது.

2014-இல் நில விற்பனைச் சட்டத்தில் செய்த திருத்தம் டெனராவின் மவுசை இன்னும் கூட்டியது. நகர எல்லைக்குள் இருக்கும் குடியிருப்பு ஃப்ரீஹோல்டை வெளிநாட்டார் வாங்கக் கூடாது என்றது அது. டெனராவ் போன்ற ஒருங்கிணைந்த சுற்றுலா வளாகங்களுக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பத்திரம் உள்ள அடுக்குமாடி ஸ்ட்ராட்டா வீடுகளுக்கும் விலக்கு. காலி மனை வாங்கிய வெளிநாட்டார் 2 ஆண்டுக்குள் குறைந்தது 2,50,000 ஃபிஜி டாலர் மதிப்பில் வீடு கட்ட வேண்டும்; இல்லையேல் அபராதம். மனையை வாங்கிப் போட்டு விலை ஏறும்வரை காத்திருப்பவர்களைக் குறிவைத்த விதி இது.

பத்திரம் சுத்தம் என்பதால் மண்ணும் சுத்தம் என்று ஆகாது. கொட்டிய மண் சீராக அமுங்காது. ஆழத்தில் கெட்டித்தரை வரை தூண் இறக்காமல் மேலோட்டமாக அடித்தளம் போட்ட வீட்டில் முதலில் நீச்சல் குளத்தின் விளிம்பும் வாகன நிறுத்தத் தளமும் பிளக்கும், பிறகு கதவுகள் சிக்கத் தொடங்கும். வாங்கும் முன் மண் பரிசோதனை அறிக்கையையும் அடித்தள வரைபடத்தையும் கேட்டு வாங்க வேண்டும். வெள்ளமும் உண்டு: 2009 ஜனவரியிலும், 2012-இல் இரண்டு முறையும் நாந்தி நகரம் மூழ்கியது. வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும், விமான நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் போகும் வழி அடைபட்டால் விருந்தினர் முன்பதிவை ரத்து செய்வார்.

அலை தொடும் இடத்தில் யார் உரிமையாளர்?

உயரலைக் கோட்டுக்குக் கீழே உள்ள நிலம் அரசுடையது. கடற்கரை வீடு என்று விற்பவர் மணலை விற்க முடியாது. படகுத்துறை, தடுப்புச்சுவர், நீரின் மேல் நிற்கும் குடில் எதற்கும் தனியாக முன்கரைக் குத்தகை வேண்டும். அதே நீரில் கிராமத்தாரின் வழிவழி மீன்பிடி உரிமையான கோலிகோலி இருக்கிறது. பாதிப்பு வந்தால் அவர்களுக்கு இழப்பீடு மதிப்பிட வேண்டும். இந்தக் கோலிகோலிகளின் உடைமையையே கிராமங்களுக்கு மாற்றித் தர 2006-இல் கொண்டுவந்த மசோதாவும் அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த ராணுவப் புரட்சிக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஹோட்டல்காரர்கள் அந்த மசோதாவைக் கண்டு நடுங்கியிருந்தார்கள். 2010-இல் வந்த அலைச்சறுக்கு ஆணை வேறு திசையில் போனது: கிளவுட்பிரேக் போன்ற அலைகளில் ஒரே ரிசார்ட் வைத்திருந்த தனியுரிமையை நீக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது.

இந்த விதிகளை மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மலோலோ தீவு உதாரணம். ஃப்ரீசோல் என்ற சீன முதலீட்டு நிறுவனம் பெரிய ரிசார்ட் கட்ட வந்து, சுற்றுச்சூழல் ஒப்புதல் இல்லாமல் பவளத்திட்டைக் குடைந்து படகு வழி வெட்டியது, முன்கரையைத் தோண்டியது. 2019-இல் விஷயம் வெடித்தது. 2021-இல் நீதிமன்றம் குற்றம் உறுதி செய்தது. 2022-இல் 10 லட்சம் ஃபிஜி டாலர் அபராதம். 2005-இன் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்துக்குப் பல் இருக்கிறது என்று காட்டிய வழக்கு. ஆனால் வெட்டிய பவளம் திரும்ப வளர்வது நீதிமன்றத்தின் கையில் இல்லை.

பவளத்திட்டு அழகுப்பொருள் என்று நினைத்தால் தப்பு. ஆழ்கடலிலிருந்து வரும் அலையின் வேகத்தை உடைத்துக் கரையைக் காப்பது அதுதான். கோரல் கோஸ்ட்டில் மணற்பாங்கான தரையில் செப்டிக் டேங்க் வைத்தால் கழிவின் சத்து நிலத்தடி நீரோடு பவளத்திட்டுக்குப் போகும். பாசி மண்டும், பவளம் மூச்சுமுட்டும். சில ஆண்டில் கரை அரிக்கும். உடனே சொந்தக்காரர் தடுப்புச்சுவர் கட்டுவார். சுவரில் மோதித் திரும்பும் அலை சுவரடி மணலையே வாரிக்கொண்டு போகும், சுவர் முடியும் இடத்தில் பக்கத்து மனை அரிக்கும். ஆகவே விற்பவர் காட்டும் புதுச்சுவரைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கரை ஏற்கெனவே பின்வாங்குகிறது என்பதற்கு அது அடையாளம்.

வாடகை வருமானம், நிஜத்தில்

தரகர் காகிதத்தில் வருமானம் எப்போதும் பளபளக்கும். அனுமானமாக ஒரு கணக்கு. வில்லா விலை 9 லட்சம் ஃபிஜி டாலர், ஓர் இரவுக்கு 550, ஆண்டில் 60 சதவீத நாள் ஆள் இருக்கிறது. 219 இரவு, மொத்த வரவு 1,20,450. நிர்வாகக் கம்பெனிக்கும் முன்பதிவுத் தளத்துக்கும் சேர்த்து 45 சதவீதம் போனால் மிச்சம் சுமார் 66,250. வளாகப் பராமரிப்புக் கட்டணம் 14,000, காப்பீடு 9,000, ஏசி, மெத்தை, பெயின்ட் என்று ஒதுக்கிவைக்க 12,000. கையில் 31,250, அதாவது வரிக்கு முன் மூன்றரை சதவீதம். இதே வில்லா 60 ஆண்டு பாக்கியுள்ள குத்தகையில் இருந்தால் ஆண்டுக்கு 15,000 டாலர் மதிப்பு கரைகிறது என்றும் கழிக்க வேண்டும். பாதி வருமானம் அதிலேயே போய்விடும். கரைவதும் சீராக இருக்காது. பல ஆண்டு விலை அசையாது. பாக்கி 30, 40 ஆண்டுக்குக் கீழே வந்ததும் வங்கிகள் கடன் தரத் தயங்கும், கடன் இல்லாத சந்தையில் வாங்க ஆளும் குறையும், விலை சட்டென்று சரியும். குத்தகை முடிந்தால் தானாகப் புதுப்பிக்கும் உரிமை கிடையாது. கட்டடத்துக்கு இழப்பீடு உண்டா என்பது அந்தந்த ஒப்பந்தத்தில் எழுதியதைப் பொறுத்தது. எழுதாவிட்டால் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

காப்பீடும் எளிதில் கிடைக்காது. புயல் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. 2016 பிப்ரவரி 20 அன்று அடித்த வின்ஸ்டன் ஐந்தாம் வகைப் புயல். 44 பேர் இறந்தார்கள். வங்கியும் காப்பீட்டுக் கம்பெனியும் பொறியாளர் கொடுத்த புயல்தாங்கு சான்றிதழ் கேட்கும், அதைச் சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கூரை போவது பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கும். கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய லூவர் ஜன்னல் உடையும், காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே வீசும் காற்று அதே நேரம் இழுக்கும். உத்தரத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகள் கூரைக்குள் மறைந்து உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்தால் அதோடு சரி. சோதிப்பவர் கூரைக்குள் ஏறிப் பார்த்தாரா என்று கேளுங்கள். கடல் பொங்கி வந்து செய்யும் சேதம் பாலிசியில் அடங்குமா என்பதையும் தனியாக எழுதி வாங்க வேண்டும். மமனுதா போன்ற மழைமறைவுத் தீவுகளில் தண்ணீரே படகில் வரும் அல்லது கடல்நீரைச் சுத்திகரிக்க வேண்டும். அந்த டீசல் செலவு தரகர் கணக்கில் இருக்காது.

பெரிய திட்டங்களில் நஷ்டம் எங்கே போய் விழுகிறது என்பதை நதந்தோலா, மோமி என்ற இரண்டு கடற்கரை ரிசார்ட் திட்டங்கள் காட்டின. தொழிலாளர்களின் ஓய்வூதியப் பணத்தை வைத்திருக்கும் ஃபிஜி தேசிய சேமநல நிதி இரண்டிலும் பணம் போட்டது. நதந்தோலாவில் இன்டர்கான்டினென்டல் 2009-இல் திறந்தது, செலவு மதிப்பீட்டைத் தாண்டி ஓடியது. மோமியில் தனியார் முதலாளி பாதியில் விட்டதை நிதியே கையில் எடுத்து, 2017-இல்தான் மேரியட் பெயரில் திறக்க முடிந்தது. இடையில் சொத்து மதிப்பைப் பெருந்தொகைக்குக் குறைத்து எழுத வேண்டியதாயிற்று. கடற்கரைக்கு ஒருநாளும் விடுமுறைக்குப் போகாத தையல் தொழிலாளியின் சேமிப்பும் அதில் இருந்தது.

விற்றுவிட்டு வெளியேறும்போதும் வாரியம் கூடவே வரும். குத்தகை என்றால் வாங்குபவர் பெயருக்கு மாற்ற மறுபடி சம்மதம். வாடகை பாக்கி ஒரு டாலர் இருந்தாலும் கோப்பு நகராது. அரசுக் குத்தகை என்றால் நில இயக்குநரின் சம்மதம். 2021-இல் அப்போதைய அரசு அடமானம் போன்ற சிலவற்றுக்கு வாரியச் சம்மதம் தேவையில்லை என்று திருத்தியது. நிலக்காரர்கள் கொதித்தார்கள், 2023-இல் அடுத்த அரசு அந்தத் திருத்தத்தை நீக்கியது. சட்டம் இப்படி முன்னும் பின்னும் போகும் என்பதால், ஒப்பந்தம் போடும் நாளில் நடப்பில் உள்ள விதியை வக்கீலிடம் எழுத்தில் வாங்குவது நல்லது. முத்திரைக் கட்டணம் 2020-இல் ஒழிந்தது. மூலதன ஆதாயத்துக்கு 2011-இல் வந்த 10 சதவீத வரி இருக்கிறது. கடைசியாக, விற்ற பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக ஃபிஜி ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணி விதிகளைத் தாண்ட வேண்டும். முதலில் பணம் வங்கி வழியாக வந்ததற்கான ரசீது இல்லாதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.